ஆயிரத்தெட்டுச் சுற்றில் ஸ்கொட்லாந்து

பிளேன்ரீ நன்றாக இருக்கிறது. தேநீரில் இஞ்சி போட்டிருக்கிறீர்கள் போல. விசாரணைக்கு அழைத்து இஞ்சி போட்ட பிளேன்ரீயும் தருகிற கழகம் சிட்னியில் வேறெங்கும் இருக்காது. அதற்காகவாவது எதையும் மறைக்காமல் சொல்கிறேன். செல்வராணி அக்கா, நீங்கள் செயலாளர், எழுதிக்கொள்ளுங்கள். வேகமாகப் பேசினால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன். சிறி அண்ணை, அந்தக் காலை இன்னொரு கதிரையில் தூக்கி வையுங்கள். தொங்கவிட்டால் வீங்கும்.

என் பெயர் மகேந்திரராஜா. வயது ஐம்பத்திரண்டு. வென்ட்வேர்த்வில்லில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஒரு காப்புறுதி நிறுவனத்தில், பொய் சொல்லி நட்டஈடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை. இந்தத் தமிழ் ஓட்டக் கழகத்தைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். நம் கழகத்தில் ஓட்டம் என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். பாதிப்பேர் நடக்கிறோம், மீதிப்பேர் நடந்துகொண்டே கதைக்கிறோம். சிறி அண்ணை மட்டும் அறுபத்தொரு வயதிலும் உண்மையாகவே ஓடுவார். அதுதான் பிரச்சினையின் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

இந்த வருடப் போட்டியை முன்மொழிந்தவன் நான். ஸ்கொட்லாந்து நாட்டுப்புறத்தின் அழகான ஓட்டப் பாதைகள் ஏழு. ஏரிக்கரை ஒன்று, பைன் காடு ஒன்று, ஊதாப் பூ மூடிய மேடுகள், கடலோரக் குன்று, இடிந்த கோட்டை, இப்படி எல்லாம் சேர்த்து நூற்றறுபது கிலோமீட்டர். நாம் ஓடுவது பரமட்டாவில். கையில் கட்டிய கடிகாரம் தூரத்தை அளந்து கைபேசிச் செயலிக்கு அனுப்ப, அது நம்மை ஸ்கொட்லாந்து வரைபடத்தில் நகர்த்தும். ஒவ்வொரு பாதையிலும் அந்த இடத்துப் படங்கள் கடிகாரத்தில் வரும். நூற்றறுபது முடிந்தால் ஸ்கொட்லாந்துக்காரர்களின் ஊதுகுழலான பாக்பைப் இசைக்கும். பன்னிரண்டு வாரம் கெடு. முதலில் முடிப்பவருக்கும் அவரோடு ஒருவருக்கும் நிஜமான ஸ்கொட்லாந்துக்குப் போய்வர விமான டிக்கெட்.

அந்த டிக்கெட் எனக்கு வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், கல்யாணம் பேசிய நாளில், என் மனைவி நிரூபாவுக்கு ஒரு நாட்காட்டியைக் காட்டினேன். ஸ்கொட்லாந்து ஏரி, அதில் மலையின் நிழல். தேனிலவு இங்கேதான் என்றேன். கடைசியில் கன்பராவுக்குக் கூட்டிப்போனேன். அங்கும் ஏரி இருந்தது. ஆனால் நிரூபா அந்த நாட்காட்டியை எறியவில்லை. பதினாறு வருடமாக அது எங்கள் குசினிச் சுவரில் தொங்குகிறது. வருடம் மாறும், ஏரி மாறாது. போட்டி அறிவித்த அன்றே அவளிடம் சொன்னேன், இந்த முறை நிச்சயம் என்று. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "ஓம், பாப்பம்" என்றாள். பாப்பம் என்ற சொல்லுக்குள் இருபத்திரண்டு வருடம் இருந்தது.

போட்டி தொடங்கிய இரண்டாம் நாளே எனக்குக் குதிக்கால் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடி எவ்வளவு நீளம் என்று வந்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஓடவே கூடாது என்று வைத்தியர் சொன்னார். சிறி அண்ணை அதற்குள் பதினெட்டுக் கிலோமீட்டர் ஓடி ஏரியைத் தாண்டிவிட்டார்.

அந்த வாரம்தான் என் மாமியார் யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து வந்தார். நாகேஸ்வரி, எழுபத்தொரு வயது, ஆறு மாத விசா. நல்ல உடம்பு. சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட. வந்த மறுநாளே மேய்ஸ் ஹில் முருகனிடம் கூட்டிப்போனேன். அவர் கோயிலைச் சுற்றி வெளிப்பக்கமாக மூன்று முறை வலம் வந்தார். நான் சும்மா நிற்பானேன் என்று என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நொண்டினேன். ஒரு சுற்று நூற்றைம்பத்தொன்பது மீட்டர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பெருக்கல் போட்டேன். நூற்றைம்பத்தொன்பதை ஆயிரத்தெட்டால் பெருக்கினால் நூற்றறுபது கிலோமீட்டரும் மிச்சமாக இருநூற்றெழுபத்திரண்டு மீட்டரும் வருகிறது. செவ்வாயும் வெள்ளியும் நாற்பத்திரண்டு சுற்று வீதம் போனால், ஆயிரத்தெட்டு முடிய இருபத்துநான்கு நாள். பன்னிரண்டு வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்து இருபத்துநான்கு. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட நான் நாத்திகன் அல்ல.

மாமி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன். அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடிக்காது. மகளுக்கு ஒரு டொக்டரைப் பார்த்து வைத்திருந்தவர். அதனால் சுற்றி வளைக்கவில்லை. பிரிஸ்பேனில் ஒரு சோதிடர் என் சாதகத்தைப் பார்த்தார், எனக்கு மூன்று மாதத்துக்குள் கண்டம் இருக்கிறதாம், உயிருக்கே ஆபத்தாம் என்றேன். பிரிஸ்பேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் இருக்கிற சோதிடரைப் போய் விசாரித்துவிடுவார்கள். தூரத்துச் சோதிடருக்கு மதிப்பும் அதிகம்.

மாமி துருவுவதை நிறுத்தினார். "அப்ப நீர் சாகப் போறீரோ, தம்பி?"

"பரிகாரம் செய்யாட்டி, மாமி. முருகன்ரை வீதியை ஆயிரத்தெட்டுத் தரம் சுத்தவேணுமாம்."

"ஆர் சுத்தவேணும்?"

"மாமியார் சுத்தினால் விசேஷமாம்."

"ஏன், உம்மடை அம்மா சுத்தினால் காணாதோ?"

"அவ கனடாவிலை, மாமி. அங்கை ஸ்னோ."

அவர் மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தார். பிறகு, "நிரூபாவுக்குச் சொல்லாதையும், பிள்ளை பயந்துபோடும்" என்றார். எனக்கும் அதுவே வசதி.

கடிகாரத்தை என்ன சொல்லிக் கட்டுவது என்பதுதான் மீதி. நேர்த்திக்கடன் தொடங்கும்போது கையில் காப்புக் கட்டுவது நம் வழக்கம்; நேர்த்தி முடியும்வரை அவிழ்ப்பதில்லை. இது அந்தக் காப்பு, சுற்றைத் தானே எண்ணும், இந்தக் காலத்துக் காப்பு என்றேன். வெயிலில் தானே சார்ஜ் ஏறுகிற கடிகாரம் என்பதால் அவிழ்க்கத் தேவையும் இல்லை. மாமி நம்பினார். என்னை விட முழுமையாக நம்பினார் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் வெள்ளிக்கிழமையே அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டார். தொடங்கும்போது அழுத்துகிற பச்சைப் பொத்தானைக் காட்டிக்கொடுத்தேன். பிள்ளையார் சுழி போடுவதுபோல் பக்தியோடு அழுத்துவார். செவ்வாய்களில் எனக்கு வேலை. அவர் தானே பஸ் எடுத்துப் போய், அழுத்தி, சுற்றி, வீட்டுக்கு வந்து சமைத்தும் வைப்பார்.

வெள்ளிகளில் நான் அரை நாள் லீவு போட்டு அவரைக் கூட்டிப்போவேன். அவர் சுற்றும்போது நான் காரில் இருந்தேன். சும்மா இருக்கவில்லை. கழகத்து வாட்ஸப் குழுவில் நான் எழுதியதெல்லாம் அப்போது எழுதியவைதான். "இன்று ஏரிக்கரைப் பாதை. தண்ணீரிலிருந்து பனி எழும்புகிறது. கணுக்கால்வரை ஈரப் புல்." இருபத்தேழு பேர் இதயம் போட்டீர்கள். கையில் வடையோடு எழுதினாலும், எனக்கு உண்மையாகவே கணுக்கால் குளிர்ந்தது. மேட்டுப் பாதையை எழுதிய அன்று ஊதாப் பூவின் வாசம் காருக்குள் வந்தது. நடப்பது உடம்பு வேலை. அதை ஸ்கொட்லாந்து ஆக்குவது வேறு வேலை, அதை நான் செய்தேன்.

நான்காம் வாரம் மாமி காருக்குள் ஏறியதும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இண்டைக்குக் காப்பிலை கைலாயம் தெரிஞ்சது."

பார்த்தேன். இரண்டாவது பாதையின் படம். மேகம் மூடிய மலை, அடிவாரத்தில் நெற்றி மறைக்க முடி தொங்கும் ஸ்கொட்லாந்து மாடு.

"நந்தியும் நிக்குது" என்றார். "நந்திக்கும் சடை வளந்திருக்கு. அந்தக் குளிருக்கு வளரத்தானே வேணும்."

நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவர் மனம் நொந்திருக்கும். வயதானவர்கள் மனதை நோகடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஐந்தாம் வாரம் அவருக்குப் பாதத்தில் கொப்புளம் வந்தது. கோயில் என்பதால் வெறுங்கால். நல்ல களிம்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன், இருப்பதிலேயே சிறந்தது. ஆனாலும் அந்த வாரம் வேகம் குறைந்தது. சிறி அண்ணை கோட்டைக்குப் பக்கத்தில் போய்விட்டார். அதனால் சாப்பிடும்போது நான் கொஞ்சம் இருமினேன். ஒரு முறை நெஞ்சைத் தடவினேன். அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் மாமி போட்டியிலேயே அவருடைய சிறந்த நேரத்தை எடுத்தார். இருமல் என்பது வற்புறுத்தல் அல்ல.

இப்போது தோப்புக்கரணம் பற்றி. மாமி ஒவ்வொரு சுற்றிலும் வாசலுக்கு நேரே வந்ததும் நின்று, காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போடுவார். பிள்ளையாருக்குப் போடுவதை முருகனுக்கும் ஏன் என்று கேட்டதற்கு, அண்ணருக்குச் செய்தால் தம்பிக்குக் கோபம் வரும் என்றார். இது என் கணக்கில் இல்லை. கடிகாரம் அதையும் எண்ணி, நாளொன்றுக்கு நூற்றிருபத்தாறு ஸ்குவாட் என்று செயலியில் எல்லோருக்கும் காட்டியது.

சிறி அண்ணை, நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். நினைவிருக்கும்.

"மகேந்திரம், உதென்ன, ஓட்டத்துக்கு நடுவிலை ஸ்குவாட்?"

"மலைப் பயிற்சி அண்ணை. ஸ்கொட்லாந்திலை ஏற்றம் கூடத்தானே. நூற்றறுபது மீட்டருக்கு ஒருக்கா மூண்டு போட்டால் தொடை இறுகும்."

"அதுதானே பாத்தன். ஆளைப் பாத்தால் ஓடுற ஆள் மாதிரியும் தெரியேல்லை, தூரம் மட்டும் ஏறுது."

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் எவ்வளவு பொறுப்பு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அடுத்த ஞாயிறு நீங்கள் போடத் தொடங்கினீர்கள். அதற்கடுத்த ஞாயிறு கழகமே போட்டது. பரமட்டாப் பூங்காவில் பதினான்கு தமிழர்கள் நூற்றறுபது மீட்டர் ஓடி, நின்று, மூன்று முறை இருந்து எழும்பி, மறுபடி ஓடினார்கள். நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் நின்று பார்த்துவிட்டுத் தானும் போட்டார். எட்டாம் வாரம் அண்ணையின் முழங்கால் போய்விட்டது. அவருடைய முழங்கால் என் திட்டத்தில் இருக்கவில்லை. திட்டத்துக்கு எதிராகவும் இருக்கவில்லை. நூற்றிருபத்தொரு கிலோமீட்டரோடு அவர் நின்றார். ஆஸ்பத்திரிக்கு ஓரஞ்சுப்பழம் கொண்டுபோன முதல் ஆள் நான்.

இனி எனக்குப் போட்டியே இல்லை. இருந்தும் எல்லாம் கடைசி வாரத்தில்தான் கெட்டது. கெடுத்தது என் பொய் அல்ல, மாமியின் நேர்மை.

கடைசி ஞாயிறு காலை எல்லோரும் பூங்காவில் கூடவேண்டும், அன்றைக்கு மட்டும் எல்லோருடைய கடிகாரமும் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் நேரலையாகக் காட்டப்படும் என்று செல்வராணி அக்கா அறிவித்தார். அதுவரை என் இருப்பிடத்தை மறைத்தே வைத்திருந்தேன். அப்போது மாமி இருபத்துமூன்று நாளை முடித்திருந்தார். கடைசி நாற்பத்திரண்டு சுற்றுக்குரிய ஆறரைக் கிலோமீட்டர்தான் பாக்கி. அதை எல்லோர் கண் முன்னாலும் நானே நொண்டி முடிப்பது என்று தீர்மானித்தேன். அப்படிச் செய்தால் முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா. வெள்ளிக்கிழமை அட்டமி, போகவேண்டாம் என்று மாமியை நிறுத்தினேன். பிறகு, முருகன் திருப்தியடைந்துவிட்டான், காப்பை அவிழ்த்துத் தாருங்கள் என்றேன்.

"ஆயிரத்தெட்டு எண்டால் ஆயிரத்தெட்டுத்தான். தொளாயிரத்து அறுபத்தாறு ஆயிரத்தெட்டாகுமோ?"

"சோதிடர் காணும் எண்டு சொல்லிப்போட்டார், மாமி."

"உம்மடை உயிரிலை அவருக்கென்ன அக்கறை? சும்மா இரும். காப்பை ஐயர்தான் அவிழ்க்கவேணும், அதுவும் நேர்த்தி முடிஞ்சாப்பிறகு."

மீன் கழுவும்போது கேட்டேன். தரவில்லை. குளிக்கும்போது நனையும் என்றேன். கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு குளித்தார். சனிக்கிழமை முழுவதும் என் கடிகாரத்தின் பின்னால் என் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். குதிக்கால் மறுபடி வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் இல்லாமல், மணிக்கட்டை மறைக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்கு வந்தேன். கடிகாரம் பழுது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று எண்ணம். புல்லில் இருந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். செல்வராணி அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார்.

"மகேந்திரம், நீர் இன்னும் எழும்பேல்லை. ஆனா உம்மடை புள்ளி ஓடுது."

"எங்கை, அக்கா?"

"மேய்ஸ் ஹில்லிலை. வட்டமாய் ஓடுது. இந்தா, நிண்டிட்டுது. மூண்டு ஸ்குவாட். திரும்ப ஓடுது."

"வானத்திலை இருக்கிற செய்மதியின்ரை பிழையாய் இருக்கும்" என்றேன்.

ஊன்றுகோலோடு நின்ற சிறி அண்ணை என் பக்கம் திரும்பினார். "செய்மதி தோப்புக்கரணம் போடுமோ, மகேந்திரம்?"

வேலையில் பொய்க்காரர்கள் இந்த இடத்தில் தண்ணீர் கேட்பார்கள். நானும் கேட்டேன்.

நான்கு காரில் கோயிலுக்குப் போனோம். மாமி ஆயிரத்தாறாவது சுற்றில் இருந்தார். ஒரே நிறச் சட்டை போட்ட பதினான்கு பேர் வேலியருகே நிற்பதைக் கண்டதும் அவர் முகம் மாறியது. என் கண்டம் ஊருக்கே தெரிந்துவிட்டது, எல்லோரும் எனக்காக வேண்டிக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"தம்பி" என்றார், மூச்சு வாங்க, "நான் உம்மை ஒண்டுக்கும் உதவாத ஆள் எண்டு நினைச்சிருந்தன். உமக்காக இவ்வளவு சனம் வந்திருக்கே."

எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் நடந்தீர்கள். சிறி அண்ணை ஊன்றுகோலோடு நடந்தார். ஆயிரத்தேழாவது சுற்றில், சரியாகச் சந்நிதி வாசலுக்கு நேரே, மாமியின் மணிக்கட்டிலிருந்து பாக்பைப் எழும்பியது. அவர் காதைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நாதஸ்வரம் கேக்குதே, பிள்ளையள். சுருதி கொஞ்சம் விலகிக் கேக்குது. ஆனா தெய்வத்தின்ரை வாசிப்பைக் குறை சொல்லக்கூடாது."

செல்வராணி அக்கா, நீங்கள் அழுதீர்கள். அதைக் குறிப்பில் எழுத வேண்டாம்.

பிறகு நடந்தது உங்கள் தீர்மானம். கடிகாரம் எவர் கையில் இருந்ததோ அவரே வென்றவர் என்றீர்கள். பிரித்தானிய விசாவுக்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் ஓட்டம் என்று எழுதினேன். நான் எழுதியதில் அது ஒன்றாவது உண்மை. துணைக்கு யார் என்று கேட்டபோது மாமி யோசிக்கவே இல்லை, மகள் என்றார். மாமிக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. முருகனே சந்தோஷப்பட்டுத் தந்த பயணம் என்று நினைக்கிறார். நிரூபாவுக்கு மட்டும் நானே சொன்னேன்.

"நீங்கள் சாகப் போறீங்கள் எண்டு அம்மாவுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உமக்கு நடக்கிறதெண்டால் அலுப்பு, பஞ்சிதானே."

அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். அந்த இடத்தில் இப்போது ஒரு ஆணி இருக்கிறது.

நேற்று அங்கிருந்து படம் வந்தது. அந்த ஏரி. அதில் மலையின் நிழல், நாட்காட்டியில் இருப்பதுபோலவே. மாமி சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, சடை வளர்ந்த மாட்டின் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நிரூபா சிரிக்கிறாள். கன்பராவில் எடுத்த படம் ஒன்றில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஓடாமல் ஓடியதாகக் காட்டினேன். எழுபத்தொரு வயது மனுசியை, நான் சாகப்போகிறேன் என்று பயமுறுத்தி, வெறுங்காலில் நூற்றறுபது கிலோமீட்டர் நடத்தினேன். மூவாயிரத்து இருபத்துநான்கு தோப்புக்கரணம் அவராகப் போட்டது. சிறி அண்ணையின் முழங்காலில் பாதியை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாமியின் சர்க்கரை இறங்கிவிட்டது. பயணம் புறப்படும்வரை என் தட்டில் இரண்டு கரண்டி கூடப் போட்டார். நிரூபா ஸ்கொட்லாந்தைப் பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கொடுத்த வாக்கை ஒருவன் காப்பாற்றியிருக்கிறான், அவன் உடன் போகவில்லை என்பது ஒரு குறையா? நானும் பத்திரமாக இருக்கிறேன். கண்டம் என்று சொன்ன மூன்று மாதமும் கழிந்து உயிரோடு உங்கள் முன் இருப்பது சும்மா வந்ததா என்று சில வேளை யோசிக்கிறேன்.

கழகத்திலிருந்து ஒரு வருடம் விலக்குவீர்கள் என்று கேள்விப்பட்டேன். நியாயம்தான். ஆனால் அடுத்த போட்டி ஐஸ்லாந்து, முந்நூற்றிருபது கிலோமீட்டர் என்றும் கேள்விப்பட்டேன். அது சரியாக இரண்டாயிரத்துப் பதினாறு சுற்று. மாமி மார்ச்சில் மறுபடி வருகிறார். இன்று காலை சும்மா ஒருமுறை என் சாதகத்தை எடுத்துப் பார்த்தேன், யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எனக்கென்னவோ அந்தக் கண்டம் இன்னும் முழுதாக விலகவில்லை போலத்தான் தெரிகிறது.